களத்தில் சேர்ந்து வளர்ந்த நட்பு: ஏன் இறுகுகிறது, எங்கே விரிசல் விடுகிறது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்கள் இருவர் சில வருடங்களாக ஒரே அணியில் ஆடுகிறார்கள். இணைபிரியாத நண்பர்கள். இப்போது ஒருவன் அடுத்த நிலை அணிக்குத் தேர்வாகிவிட்டான், மற்றவன் ஆகவில்லை. சண்டை எதுவும் இல்லை, ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. இப்படிப்பட்ட நட்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் இறுகுகிறது, ஏன் அதே வேகத்தில் தளர்கிறது, காப்பாற்ற என்ன வழி?

முதலில் நேரான பதில். விளையாட்டில் வளரும் நட்பைச் சுமப்பது பயிற்சி அட்டவணை. எப்போது சந்திப்பது, என்ன பேசுவது, எதற்காகச் சேர்ந்திருப்பது எல்லாவற்றையும் அட்டவணையே முடிவு செய்துவிடுகிறது. நண்பர்கள் எதையும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை, வாய்விட்டுச் சொல்ல வேண்டியதும் இல்லை. தேர்வு, காயம், வயது வரம்பு, வேலை என்று ஏதோ ஒன்று அந்த அட்டவணையைக் கலைக்கும்போதுதான் இருவருக்கும் தெரிகிறது, தாங்களாகச் சேர்ந்திருக்கப் பழகவே இல்லை என்று. அன்பு குறைந்ததாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறைந்தது அன்பு அல்ல, சந்திப்பதற்கான காரணம். அதை மறுபடி உண்டாக்கலாம், அதற்குச் சில தெளிவான வேலைகள் இருக்கின்றன.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது

கணக்கிலிருந்தே தொடங்கலாம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நல்ல நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் பயிற்சி என்றால் இருபதே வாரத்தில் 200ஐத் தொட்டுவிடும். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: வேலைக்காகக் கட்டாயமாகச் சேர்ந்திருக்கும் நேரம் அவ்வளவாக நட்பை வளர்ப்பதில்லை, தாமாக விரும்பிக் கழிக்கும் நேரம்தான் வளர்க்கிறது. இதைப் பயிற்சி நடக்கும் எந்த இடத்திலும் கவனிக்கலாம். விசில் ஊதி ஊதி நடத்தும் பயிற்சியில் இருவர் நெருங்குவதில்லை. சீக்கிரம் வந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டே பேசுவது, பயிற்சி முடிந்தபின் இன்னும் பத்துப் பந்து போடச் சொல்வது, பேருந்துக்குக் காத்திருப்பது, இவற்றில்தான் நெருங்குகிறார்கள். தேர்வுக்குப் பிறகு முதலில் காணாமல் போவதும் இந்த முன்பின் நேரம்தான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது உடம்பு. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகப் படகு வீரர்கள் 12 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. துடுப்பு இயந்திரத்தில் ஒருமுறை தனியாகவும் ஒருமுறை குழுவாக ஒரே தாளத்திலும் 45 நிமிடம் துடுப்புப் போடவைத்தார்கள். உழைப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சேர்ந்து துடுப்புப் போட்ட பிறகு அவர்களால் கூடுதல் வலியைத் தாங்க முடிந்தது. உடலில் எண்டார்ஃபின் (வலியைக் குறைக்க உடலே சுரக்கும் வேதிப்பொருள்) கூடியதன் அடையாளமாக இதை எடுத்துக்கொள்கிறார்கள். 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், இதை வைத்துப் பெரிய முடிவுக்குத் தாவக் கூடாது. இருந்தாலும் ஒரே தாளத்தில் ஓடியவர்களும் சேர்ந்து மூச்சுவாங்கியவர்களும் சொல்லும் அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது.

தொடுதலும் இதில் சேரும். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து அணிகளின் 2008-09 பருவ ஆட்டங்களைப் பார்த்து, வீரர்கள் ஒருவரையொருவர் எத்தனை முறை கைதட்டிக்கொள்கிறார்கள், முஷ்டி முட்டிக்கொள்கிறார்கள், தலையில் தட்டிக்கொடுக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பருவத் தொடக்கத்தில் அதிகம் தொட்டுக்கொண்ட அணிகள் பிறகு நன்றாக ஆடின, ஒத்துழைப்பும் கூடுதலாக இருந்தது. வெளியில் இளைஞர்கள் அன்பாகத் தொட்டுக்கொள்ளக் கூசுகிறார்கள். களத்தில் அந்தக் கூச்சத்துக்கு விடுமுறை. கோல் விழுந்ததும் கட்டிப்பிடித்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பலருக்கு வாரம் முழுக்கக் கிடைக்கும் ஒரே அரவணைப்பு அதுவாகவே இருக்கும்.

நான்காவது காரணத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: ஒருவனுடைய தவறுக்கு இன்னொருவன் உடனே விலை கொடுக்கிறான், அப்படியிருந்தும் அடுத்த நொடியே சேர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. மன்னிப்பைத் தினமும் பழகும் இடம் வேறு எங்கும் இல்லை.

ஜோடியில் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால்

கிரிக்கெட்டில் விக்கெட்டுகளுக்கு இடையே ஓடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து அடித்தவனுக்கு முன்னால் போனால் அழைப்பு அவனுடையது. பின்னால் போனால் எதிர்முனையில் நிற்பவனுடையது. அழைப்பு மூன்றுதான்: யெஸ், நோ, வெயிட். வெயிட் சொன்னவன் அதோடு நிறுத்தக் கூடாது, அடுத்த நொடியில் யெஸ் அல்லது நோ சொல்லியே ஆக வேண்டும். முதல் ரன்னை முழு வேகத்தில் ஓட வேண்டும், திரும்பும்போது பந்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும், இரண்டாவதற்கான அழைப்பு திரும்பும்போதே வந்துவிட வேண்டும், கடைசி எட்டு வைக்கும்போது மட்டை தரையில் சறுக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த ஜோடி இதையெல்லாம் சத்தமாகச் செய்யும். வருடக்கணக்கில் சேர்ந்து ஆடியவர்கள் மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைப்பார்கள். கண்ணைப் பார்த்தே ஓடுவார்கள், அழகாகவும் இருக்கும். ஒருநாள் பந்து ஃபீல்டர் கைக்கு நேராகப் போகும், ஒருவன் நான்கு எட்டு வைத்து வந்துவிடுவான், மற்றவன் நின்ற இடத்திலேயே நிற்பான். பிறகு டிரெஸ்ஸிங் ரூமில் கேட்கும் வசனம் எப்போதும் ஒன்றுதான்: "நீ வருவேன்னு நெனச்சேன்டா."

1988 பிப்ரவரியில் மும்பை ஹாரிஸ் ஷீல்டு பள்ளி ஆட்டத்தில் வினோத் காம்ப்ளியும் சச்சின் டெண்டுல்கரும் பிரியாமல் 664 ரன் சேர்த்தார்கள். காம்ப்ளிக்கு 16 வயது, சச்சினுக்கு 14. இரண்டு பையன்கள் இவ்வளவு நேரம் ரன் அவுட் இல்லாமல் ஓடியதற்குப் பின்னால் ஒரே பயிற்சியாளரிடம் சேர்ந்து கழித்த காலம் இருக்கிறது. நெருக்கம் அழைப்பைத் துல்லியமாக்கும், ஆனால் அழைப்பே வேண்டாம் என்று ஆக்கிவிடாது. நட்பிலும் இதேதான் நடக்கிறது. "அவனுக்குத் தெரியாதா என்ன" என்று விட்டுவிடும் விஷயங்கள்தான் பின்னால் முறிவுக்குக் காரணமாகின்றன.

இரட்டையர் ஆட்டங்களில் இதற்கென்றே ஒரு பழக்கம் உண்டு. புள்ளி வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு முறையும் கையையோ ராக்கெட்டையோ தொட்டுக்கொள்வார்கள். வென்றால் மட்டும் தொடுகிற ஜோடி, தோற்கும்போது தொடாததையே திட்டாக மாற்றிவிடுகிறது. பேட்மின்டனில் 11 புள்ளி வந்ததும் 60 நொடி இடைவேளை, செட்டுகளுக்கு நடுவே 120 நொடி. அந்த 60 நொடியில் நான்கு விஷயம் பேசினால் ஒன்றும் மனத்தில் நிற்காது. ஒரே விஷயம், அதுவும் அடுத்து என்ன செய்வது என்பது மட்டும்: "சர்வை உடம்புக்கு நேரா போடு, முன்னாடி நான் பாத்துக்கறேன்." ஏற்கெனவே விட்ட பந்தைப் பற்றிப் பேச இரவு இருக்கிறது.

இந்திய பேட்மின்டன் இரட்டையர் சாத்விக்சாய்ராஜ், சிராக் ஷெட்டி ஜோடியைப் பாருங்கள். இருவருக்கும் தாய்மொழி வேறு. இருவரும் பின்கோட்டிலிருந்து ஸ்மாஷ் அடிப்பதை விரும்பியவர்கள். பயிற்சியாளர் டான் கிம் ஹெர் சேர்த்துவைத்தபோது ஒருவர் தனக்குப் பிடித்த இடத்தைவிட்டு முன்கோட்டைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சிராக் அதைச் செய்தார். 2022இல் தாமஸ் கோப்பை, 2023இல் ஆசிய விளையாட்டுத் தங்கம், அதே வருடம் உலகத் தரவரிசையில் முதலிடம் எல்லாம் பிறகு வந்தவை. ஜோடியில் ஒருவர் எதையாவது விட்டுக்கொடுத்திருப்பார். அது என்ன என்று மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒருமுறையாவது வாயால் சொல்லவும் வேண்டும்.

எதிர்ப்பக்க உதாரணமும் வேண்டும். டென்னிஸ் இரட்டையர் லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி 1999இல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கும் போனார்கள், பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றார்கள். ஆனால் அந்த உச்சத்திலிருந்து அதிக காலம் ஆகாமலே பிரிந்தார்கள். திறமை போதாமல் பிரிந்த ஜோடி அல்ல இது. உச்சத்தில் இருக்கும் ஜோடியைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள், ஒருவனைப் பற்றி இன்னொருவனிடம் பேசுவார்கள். நேரில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெளியும் சந்தேகம், அடுத்தவர் வாய் வழியாக வந்தால் வருடக்கணக்கில் நிற்கும். இது உலக அரங்குக்கு மட்டுமல்ல, தெரு அணிக்கும் பொருந்தும்.

தேர்வுப் பட்டியல் வந்த பிறகு

இப்போது கேட்ட சிக்கலுக்கே வருகிறேன். ஒரே இடத்துக்கு இருவர் போட்டியிடும்போது முடிவு வருவதற்கு முன்பே ஒருமுறை பேசிவிடுவது நல்லது. நீளமாக வேண்டாம். "லிஸ்ட் எப்படி வந்தாலும் அன்னிக்கு ராத்திரி ஒரு கால் பண்ணிக்கலாம்" என்ற ஒரு ஏற்பாடு போதும். இது இல்லாவிட்டால் யார் முதலில் பேசுவது என்ற தயக்கத்திலேயே மூன்று நாள் ஓடும். மூன்று நாள் மௌனத்துக்குப் பிறகு பேசுவது முதல் நாள் பேசுவதைவிடப் பத்து மடங்கு கடினம்.

முன்பே பேசாமல் விட்டிருந்தால்? இப்போதும் தாமதமில்லை. முதலில் பேச வேண்டியவன் தேர்வானவன். காரணம், அவனிடம்தான் இழப்பு இல்லை. வாட்ஸாப் குழுவில் பட்டியலும் வாழ்த்துகளும் வந்து குவிவதற்குமுன் தனியாக ஒரு அழைப்பு. "மச்சி, என் பேர் வந்திருக்கு. உன் பேர் இல்ல. உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குப் புரியுது, இப்ப ஒண்ணும் பேச வேணாம். ஞாயித்துக்கிழமை காலைல எப்பவும்போல ஓடப் போலாம்." இதில் மூன்று விஷயம் இருக்கிறது: செய்தியைப் பூசி மெழுகாமல் சொன்னது, உடனே பதில் சொல்லும் கட்டாயத்திலிருந்து நண்பனை விடுவித்தது, அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்தது. மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் ஆறுதலோடு நின்றுவிடும்.

சொல்லக் கூடாத ஒரு வாக்கியம் உண்டு, நல்ல மனதோடுதான் எல்லோரும் சொல்வார்கள்: "என்னைவிட நீதான்டா தகுதியானவன்." இதைக் கேட்டவன் என்ன செய்வான்? "இல்லடா, நீதான்" என்று உன்னையே தேற்ற வேண்டிய வேலை அவன் தலையில் விழும். தோற்ற அன்றைக்கு அந்த வேலையை அவனுக்குக் கொடுக்காதே.

தேர்வாகாதவனுக்கும் சொல்ல இருக்கிறது. வாழ்த்தை ஒரே ஒரு முறை, முழு வாக்கியமாகச் சொல். அதோடு உண்மையையும் சொல்: "சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா எனக்குக் கொஞ்ச நாள் ஆகும், ஒரு வாரம் விடு." நாள் குறிப்பிட்டால் ஒதுங்குவது கோபமாகப் படாது. ஏன் எடுக்கவில்லை என்பதைத் தேர்வாளரிடமோ பயிற்சியாளரிடமோ கேட்க வேண்டும், நண்பனிடம் கேட்கக் கூடாது. அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவன் சொல்லும் எந்தப் பதிலும் காயப்படுத்தும். பயிற்சியாளரிடம் கேட்கும்போது "ஏன் அவன், ஏன் நான் இல்லை" என்று கேட்காமல் "அடுத்த தேர்வுக்குள் நான் எந்த இரண்டு விஷயத்தில் முன்னேறியிருக்க வேண்டும்" என்று கேட்டால் உபயோகமான பதில் வரும், நண்பனோடு ஒப்பிடும் பேச்சும் தவிரும்.

போட்டியாளர்கள் நண்பர்களாக இருக்க முடியுமா என்ற சந்தேகமே வேண்டாம். 1936 பெர்லின் ஒலிம்பிக் கோலூன்றித் தாண்டுதலில் ஜப்பானின் ஷுஹெய் நிஷிதாவும் சுவேஓ ஓயெவும் 4.25 மீட்டரில் சமநிலையில் நின்றார்கள். தங்களுக்குள் மறுபடி மோத மறுத்தார்கள். வெள்ளி நிஷிதாவுக்கும் வெண்கலம் ஓயெவுக்கும் போனது. ஊர் திரும்பியதும் இரண்டு பதக்கத்தையும் பாதியாக வெட்டி, பாதி வெள்ளி பாதி வெண்கலமாக ஒட்டவைத்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 1 அன்று, கத்தாரின் முதாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜியான்மார்கோ தம்பேரியும் உயரம் தாண்டுதலில் 2.37 மீட்டர் வரை ஒரு தவறும் இல்லாமல் தாண்டி, 2.39இல் மூன்று முறையும் தவறினார்கள். முதலிடத்துக்கான சமநிலையை மறுதாண்டலில் முடிக்கலாம், இருவரும் வேண்டாம் என்றால் பகிர்ந்துகொள்ளலாம் என்பது விதி. பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் தவறான பாடம் கிடைக்கும். 2024 பாரிஸில் அதே போட்டியில் நியூசிலாந்தின் ஹாமிஷ் கெர்ரும் அமெரிக்காவின் ஷெல்பி மக்யூவனும் 2.36இல் சமநிலைக்கு வந்தபோது மறுதாண்டலைத் தேர்ந்தெடுத்தார்கள், கெர் வென்றார். அதுவும் முழுக்கச் சரி. விட்டுக்கொடுத்தால்தான் நண்பன் என்றில்லை. பெரும்பாலான அணிகளில் இடம் ஒன்றுதான், அதைப் பாதியாக வெட்ட முடியாது. பயிற்சியில் நண்பனுக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்பவன் அவனை மதிக்கவில்லை என்றே நான் சொல்வேன். முழு வேகத்தில் மோதிவிட்டு, பிறகு ஒன்றாக வீடு திரும்புவதுதான் பழக வேண்டியது.

காயம் வந்தால்

முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் போட்டி ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் ஆகட்டும் என்பதே இப்போதைய பொதுவான அறிவுரை. இந்த ஒன்பது மாதத்தில் நண்பர்கள் வரும் முறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதல் இரண்டு வாரம் கூட்டம். மூன்றாவது வாரத்தில் செய்தி மட்டும். இரண்டாவது மாதம் அதுவும் இல்லை. ஆனால் காயம்பட்டவனுக்கு மிகவும் கடினமான காலம் அந்த நடுப்பகுதிதான். வலி குறைந்துவிட்டது, ஊன்றுகோல் போய்விட்டது, பார்க்கிறவர்களுக்கு ஆள் நன்றாக இருக்கிறான், ஆனால் ஓடக்கூட அனுமதி இல்லை. அணி அவன் இல்லாமலே ஆடப் பழகிவிட்டிருக்கும்.

ஆகவே நண்பன் செய்ய வேண்டியது: முதல் வாரத்தில் நான்கு முறை ஓடிவருவதைவிட, ஒன்பது மாதமும் வாரம் ஒருமுறை குறித்த நாளில் வருவது. வெறுமனே பார்க்க வராமல் பிசியோ சொன்ன பயிற்சியைச் சேர்ந்து செய்வது. "எப்படி இருக்கே" என்று கேட்டால் "பரவால்ல" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு முட்டி எவ்வளவு மடங்குச்சு, போன வாரத்தைவிட அதிகமா?" என்று கேட்டால் பேச்சு வரும். ஆட்டத்தின் வீடியோவை அனுப்பி "எதிரணி லெஃப்ட் பேக் எங்க தடுமாறறான்னு பாத்துச் சொல்லு" என்று ஒரு வேலை கொடுத்தால் அணியில் இன்னும் தனக்கு இடம் இருக்கிறது என்பது சொல்லாமலே புரியும்.

பர்ஷிம், தம்பேரி விஷயத்திலும் முக்கியமான பகுதி டோக்கியோ அல்ல. தம்பேரி 2016இல் கணுக்காலில் காயம்பட்டு ரியோ ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். 2017இல் திரும்பி வந்து பாரிஸ் போட்டியில் மோசமாகத் தாண்டிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு யாரையும் பார்க்க மறுத்தார். பர்ஷிம்தான் கதவைத் தட்டிக்கொண்டே நின்று உள்ளே போய்ப் பேசினார். அடுத்த வருடம் பர்ஷிமுக்கே கணுக்கால் காயம் வந்தது. நான்கு வருடம் கழித்துப் பகிர்ந்த தங்கத்துக்கு அடித்தளம் அந்தக் கதவில் போடப்பட்டது.

காயத்தில் நட்பு தவறாகப் போகும் ஒரு இடம் உண்டு, இது உயிர் சம்பந்தப்பட்டது. தலையில் அடிபட்டவன் "கோச்கிட்ட சொல்லாதடா, நான் ஆடறேன்" என்பான். நண்பன் மறைப்பான். மறைக்கவே கூடாது. விழுந்தவன் எழ நேரமாவது, தலையைப் பிடித்துக்கொள்வது, வெறித்த பார்வை, தள்ளாட்டம், குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. சந்தேகமாக இருந்தால் கேள்விகள் எளிமையானவை: இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம், இது எந்தப் பாதி, கடைசியாக கோல் போட்டது யார், போன வாரம் யாரோடு ஆடினோம். ஒன்றுக்குத் தவறாகச் சொன்னாலும் வெளியே. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டால் ஆடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அறிகுறி இருந்தாலே வெளியேதான். முதல் மூன்று மணி நேரமாவது தனியே விடக் கூடாது. கழுத்து வலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கைகால் மரத்துப்போதல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, நினைவு மங்குவது ஆகியவை வந்தால் உடனே ஆம்புலன்ஸ். ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடு.

பேசாதவர்களைப் பேசவைப்பது

மிசூரி பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 2,000 சிறுவர் சிறுமியரிடமும் பதின்வயதினரிடமும் கேட்டார்கள்: பிரச்சினையைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்? பையன்கள் வெட்கமாக இருக்கும் என்றோ பயமாக இருக்கும் என்றோ பெண்களைவிட அதிகமாகச் சொல்லவில்லை. அது ஒருமாதிரி இருக்கும், நேரம்தான் வீண் என்றார்கள். இது முக்கியமான வேறுபாடு. "மனசத் திறந்து பேசு, பயப்படாதே" என்று சொல்வது இவர்களுக்கு உதவாது, ஏனென்றால் தடை பயம் அல்ல. பேசுவதால் ஏதாவது நடக்கும் என்று தெரிந்தால் பேசுவார்கள்.

அதனால் எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்காமல் பக்கத்தில் இருந்தபடி கேட்பது பலிக்கும். பயிற்சிக்குப் பிறகான மெதுவோட்டம், தசை நீட்டல், நீண்ட பேருந்துப் பயணம். கண் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, கைக்கு வேலை இருக்கிறது. ஒரே கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து நொடி மௌனம் நீளமாகத் தெரியும், அதைக் கலைக்கக் கூடாது. அவன் சொல்லி முடித்ததும் உடனே தீர்வு சொல்லாமல் "நான் என்ன பண்ணணும், கேட்டா போதுமா, இல்ல ஏதாவது செய்யணுமா?" என்று கேட்பது நல்லது.

தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, பயிற்சிக்கு வராமல் இருப்பது, தனக்குப் பிரியமான கிட்டையோ மட்டையையோ திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி யாருக்கு என்ன" என்ற பேச்சு, இவை வந்தால் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: "செத்துரலாம்னு நெனக்கிறியா?" இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல், நம்பகமான பெரியவர் ஒருவரிடமும் மருத்துவரிடமும் அன்றே கொண்டுபோக வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற வாக்கு இந்த ஒரு விஷயத்தில் செல்லாது.

கேலி, கும்பல், நெருக்கத்தைப் பற்றிய பேச்சு

அணிக்குள் கலாய்ப்பது இயல்பு. எப்போது அது வதை ஆகிறது என்பதற்கு மூன்று பார்வை போதும். எப்போதும் ஒரே ஆள் மாட்டுகிறானா? அவனால் திருப்பிக் கலாய்க்க முடிகிறதா? "போதும்" என்றால் நிற்கிறதா? மூன்றிலும் பதில் தவறென்றால் அங்கே நடப்பது வேடிக்கை அல்ல. அதை நிறுத்த ஏற்ற ஆள் அவனுடைய நெருங்கிய நண்பன்தான், அதுவும் எல்லோர் முன்னும் ஒரு வார்த்தையில்: "விடுங்கடா."

இருவர் மட்டும் ஒட்டிக்கொண்டால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள். பயிற்சி ஆட்டத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து யார் யாருக்குப் பாஸ் கொடுக்கிறார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினால் போதும். நல்ல இடத்தில் ஆள் காலியாக நிற்கும்போதும் பந்து நண்பனுக்கே போவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பயிற்சியாளர்கள் இதற்காக நண்பர்களைத் தண்டனைபோலப் பிரிப்பது தவறு. எல்லோருக்குமே ஜோடியை வாரம் ஒருமுறை மாற்றினால் யாரும் குறிவைக்கப்பட்டதாக நினைக்க மாட்டார்கள். தேர்வு முடிவை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, பட்டியல் ஒட்டுவதற்குமுன் சொல்வதும் பயிற்சியாளரின் கடமை. "நீயே அவன்கிட்ட சொல்லிடு" என்று நண்பனைத் தூது அனுப்புவதைப்போல நட்பைக் கெடுக்கும் காரியம் இல்லை.

நெருங்கிப் பழகும் இரண்டு இளைஞர்களை "என்ன ரெண்டு பேரும் லவ்வா" என்று சீண்டுவது எங்கும் நடக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நியோபி வே பல வருடம் பையன்களின் நட்பை ஆராய்ந்தவர். பதின்வயதின் நடுப்பகுதிவரை தோழனைப் பற்றி உருகிப் பேசும் பையன்கள், பிற்பகுதியில், இந்த மாதிரிப் பார்வைக்கு அஞ்சியே விலகுவதைப் பதிவு செய்திருக்கிறார். விலகிய பிறகு தனிமைதான் மிஞ்சுகிறது. சீண்டலுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். "என் ஃப்ரெண்டுடா" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல இருங்கள். இருவரில் ஒருவன் ஆண்களை விரும்புபவனாக இருந்தாலும் நட்பில் மாற எதுவும் இல்லை. அவன் நம்பிச் சொன்னதை அவன் அனுமதி இல்லாமல் ஒருவரிடமும் சொல்லாதிருப்பது மட்டும் கட்டாயம். இருவரில் ஒருவருக்கு நட்புக்கு மேல் ஒரு எண்ணம் இருந்தால், மற்றவர் இல்லை என்று மரியாதையாகச் சொல்லலாம், சொல்லிவிட்டு அடுத்த பயிற்சியில் பழையபடி பக்கத்தில் நிற்கலாம்.

மறுபடி தொடங்குவது

இருவரும் வேறு வேறு அணிக்குப் போனபின் "அப்பப்ப பாக்கலாம்" என்பது நடக்காது. அட்டவணை போன இடத்தில் இன்னொரு அட்டவணை வர வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஓட்டம், வாரம் ஒரு இரவு இருபது நிமிட அழைப்பு, ஏதோ ஒன்று, ஆனால் குறித்தது. ஒருமுறை தவறினால் அடுத்த நாளை உடனே குறிக்க வேண்டும். சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இருந்தால் நல்லது: சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒரே ஓட்டப் போட்டிக்குத் தயாராவது. இந்த நட்பு ஏதாவது செய்துகொண்டே வளர்ந்தது, வெறுமனே உட்கார்ந்து பேசச் சொன்னால் இருவருக்கும் கை எங்கே வைப்பதென்றே தெரியாது.

ஏற்கெனவே மாதங்கள் ஓடிவிட்டதென்றால் முதல் செய்தி சின்னதாக இருக்கட்டும். நடந்ததற்கு விளக்கமோ யார் தவறு என்ற கணக்கோ அதில் வேண்டாம். "சனிக்கிழமை ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வரேன், பத்து ஓவர் போடறியா?" போதும். பழைய விஷயத்தைப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் விளையாடி முடித்து வியர்வை காயும்போது பேசுங்கள், அப்போது குரல் உயராது. பயஸும் பூபதியும்கூட 2011இல் மறுபடி சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிவரை போனார்கள். அடுத்த வருடம் லண்டன் ஒலிம்பிக் தேர்வில் பழைய கசப்பு திரும்ப வந்தது. சேர்ந்து ஆடுவது கதவைத் திறக்கும், உள்ளே இருக்கும் பிணக்கைத் தீர்க்காது. அதைத் தனியாகப் பேசியே தீர்க்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை அழையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் துரத்தாமல், அவன் ஆடும் அடுத்த ஆட்டத்துக்குப் போய் உட்காருங்கள். முடிந்ததும் கைகுலுக்கிவிட்டு வாருங்கள்.